மூன்று சிப்பிக்கற்கள்: புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்?

காங்கேயத்திலிருந்து ஒரு தம்பி இந்தப் பொதுத்தளத்தில் படங்களோடு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அரியலூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனவர், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு வெளியே கொட்டிக் கிடந்த மண்மேட்டில் சிப்பி வடிவத்தில் மூன்று கற்களை எடுத்து வந்திருக்கிறார். நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு பிராக்கியோபாட் (சிப்பி போலவே இரண்டு ஓடுள்ள, ஆனால் வேறு வகையான கடல் விலங்கு) என்று சொல்லியிருக்கிறார். இணையத்தில் தேடியதில் எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. இது புதிய இனமாக இருக்குமா, இருந்தால் எப்படி விவரித்து வகைப்படுத்துவது, அமுச்சியின் (பாட்டியின்) பெயரை வைக்க முடியுமா, நொய்யல் கரையில் தேடினாலும் இப்படிக் கிடைக்குமா என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு புதைபடிவம் இதுவரை யாரும் பெயரிடாத ஒன்று என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? நான் நிலவியல் படித்து, கல்லூரியில் பல ஆண்டுகள் தொல்லுயிரியல் பாடமும் செய்முறையும் நடத்தியவன். மாணவர்களோடு அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் நிறைய நடந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

நொய்யலை முதலில் முடித்துவிடலாம், அதில் சந்தேகமே கிடையாது. கிடைக்காது. நம்ம கொங்கு நாட்டுத் தரை நைஸ், சார்னோகைட் போன்ற உருமாறிய பாறைகளால் ஆனது. சேலம் பக்கத்துப் பாறைகளில் பலவற்றின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து எழுந்தவை அவை. ஓடு தாங்கிய விலங்குகள் கடலில் தோன்றியதே சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சிவன்மலையில் நெஃபலின் சயனைட் உண்டு, படியூரில் ஆங்கிலேயர் காலத்திலேயே நீலப்பச்சைக் கல் தோண்டினார்கள், சேலத்தில் மேக்னசைட் உண்டு. சிப்பிப் படிவம் எங்கும் இல்லை. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்கூட உருமாறிப் படிகமாகிவிட்ட கல்; அதில் ஓட்டின் தடம் தேடிப் பயனில்லை. ஆற்று வழியாக வந்திருக்கலாமே என்று கேட்பார்கள். காவிரி மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. அரியலூர்க் கடற்படிவுகள் நமக்குக் கீழ்ப்பக்கம் இருக்கின்றன. அந்தக் கல் தண்ணீரை எதிர்த்து ஈரோட்டுக்கு ஏறி வராது. தோட்டத்தில் உழும்போது வரும் சுக்காங்கல் சில சமயம் சிப்பி போல உருண்டு இருக்கும். அது மண்ணுக்குள் சுண்ணாம்பு திரண்டது. அதனால் கொங்கில் ஒருவர் கையில் உண்மையான சிப்பிப் படிவம் இருந்தால், அது வேறு எங்கிருந்தோ மனிதர் கையால் வந்தது. வீட்டுத் தரைக்குப் போடும் ஜெய்சல்மேர் மஞ்சள் கல்லில் ஜுராசிக் காலத்துச் சிப்பிகள் வெட்டுப்பட்டுத் தெரிவதுண்டு. கடப்பாக் கல்லும் கோட்டாக் கல்லும் ஓடுள்ள விலங்குகளுக்கு முந்தியவை, அவற்றில் வராது.

இப்போது அந்த மூன்று கற்கள். தம்பி, நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டு பிராக்கியோபாட் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. மூன்றாவது அப்படி இல்லை. பிராக்கியோபாட்டுக்கும் சாதாரணச் சிப்பிக்கும் இரண்டு ஓடுகள் உண்டு, ஆனால் உடல் அமைப்பு முற்றிலும் வேறு. மட்டி, கிளிஞ்சல் வகைகளில் இடது ஓடு, வலது ஓடு என்று இருக்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டின் வழியாகப் பிரித்தால்தான் சமமான இரு பாதிகள். பிராக்கியோபாட்டில் மேலோடு, கீழோடு என்று இருக்கும். ஒவ்வொரு ஓட்டின் நடுவிலும் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்தால் இரு பக்கமும் ஒத்து வரும், ஆனால் ஒரு ஓடு மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். பெரிய ஓட்டின் அலகு நுனியிலோ அதற்குக் கீழேயோ ஒரு துளை அல்லது முக்கோணத் திறப்பு தெரியும். அதன் வழியாகத்தான் காம்பு வெளியே வந்து கடல்தரையில் பற்றிக்கொண்டிருந்தது. உங்கள் மூன்றாவது கல்லில் ஒரு ஓடு குவிந்தும் மற்றது தட்டையாகவும் இருப்பதால் அந்த விதிக்குப் பொருந்துவது போலத் தெரிகிறது. ஆனால் அலகின் இரு பக்கமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பாருங்கள். அது பெக்டன் என்ற சிப்பிக் குடும்பத்தின் அடையாளம். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியக் காலத்து நெய்தியா என்ற சிப்பி இப்படித்தான் பலரை ஏமாற்றுகிறது. காம்புத்துளை அதில் இருக்காது.

மற்ற இரண்டிலும் வலுவான வரிகளும், ஓடுகள் சந்திக்கும் இடத்தில் பல் பல்லாக ஏறி இறங்கும் கோடும், கூரிய சிறு அலகும் தெரிகின்றன. ரிங்கோனெல்லிடா என்ற வரிசை என்று துணிந்து சொல்வேன். அந்தக் காலத்துக் கடலில் பெரும்பாலும் இரண்டு வரிசைகள்தான் ஓங்கி இருந்தன. இன்னொன்றான டெரெப்ராடுலிடா பொதுவாக வழுவழுப்பாக, பெரிய வட்டத் துளையோடு இருக்கும். நல்ல லென்ஸில் பார்த்தால் தேய்ந்த ஓட்டின் மேல் ஊசி குத்தியது போன்ற நுண்துளைகள் நெருக்கமாகத் தெரியும். ரிங்கோனெல்லிடாவில் பெரும்பாலும் அந்த நுண்துளை கிடையாது. இந்த அளவுக்கு ஒரு படத்தை வைத்தே சொல்ல முடியும். இதற்கு மேல் பேரினமோ இனமோ சொல்லச் சொன்னால் என்னால் முடியாது, உலகத்தில் யாராலும் படத்தை வைத்துப் பொறுப்போடு சொல்ல முடியாது. காரணம், பிராக்கியோபாட்டின் அடையாளம் பாதிக்கு மேல் உள்ளே இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் சிரமமும் அழகும் இங்கேதான். மட்டி செத்தால் கீலில் இருக்கும் மீள்தசைநார் ஓட்டைத் திறந்துவிடும். ஓடுகள் பிரிந்து போகும். பிராக்கியோபாட்டில் அப்படி ஒரு நார் இல்லை. திறக்கவும் மூடவும் தசைதான். செத்த பிறகு ஓடு மூடியபடியே மண்ணில் புதைந்து, உள்ளே சேறு நிரம்பிக் கல்லாகிவிடும். முழுச் சிப்பி கிடைப்பதற்கு அதுவே காரணம், உள்ளே பார்க்க முடியாமல் போவதற்கும் அதுவே காரணம். உள்ளே லோஃபோஃபோர் என்ற உணவு வடிக்கும் உறுப்பைத் தாங்கிய சுண்ணாம்பு அமைப்புகள் இருக்கின்றன. ரிங்கோனெல்லிடாவில் க்ரூரா என்ற இரண்டு நீட்சிகள், டெரெப்ராடுலிடாவில் ஒரு வளையம். அவற்றின் நீளம், வளைவு, எந்தத் தட்டில் ஊன்றியிருக்கின்றன, பல்லும் பற்குழியும் எப்படிப் பொருந்துகின்றன, நடுவில் தடுப்பு உண்டா என்பவைதான் குடும்பத்தையும் பேரினத்தையும் முடிவு செய்கின்றன. வெளியே ஒன்று போலவே இருக்கும் இரண்டு சிப்பிகள் உள்ளே வெவ்வேறு குடும்பமாக இருப்பது பிராக்கியோபாட்டில் வழக்கமான செய்தி. ஒரே மாதிரிக் கடல்தரையில் வாழ்ந்த வெவ்வேறு வம்சங்கள் ஒரே வெளி வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

உள்ளே பார்ப்பதற்கு நெடுநாள் வழி தேய்த்துப் பார்ப்பது. சிப்பியைப் பிசினில் நிறுத்தி, அலகுப் பக்கத்திலிருந்து 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் தேய்த்து, அந்த முகத்தை வரைந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாக அரித்து, அசிட்டோன் ஊற்றி, அசிட்டேட் தாளை ஒட்டி உரித்தால் அந்த முகம் தாளில் அச்சாக வந்துவிடும். பிறகு அடுத்த 0.1 மில்லிமீட்டர். இப்படி ஒரு சிப்பிக்குப் பல பத்து முகங்கள். ஒவ்வொரு வரைபடத்தின் பக்கத்திலும் அலகிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். தேய்க்கும் சாய்வு மாறினால் வளையத்தின் வடிவமே வேறாகத் தெரியும், அதனால் எந்தக் கோணத்தில் நிறுத்தினோம் என்பதும் பதிவாக வேண்டும். முடியும்போது சிப்பி தூளாகியிருக்கும். ஆகவே முதலில் பிளாஸ்டர் வார்ப்பும் எல்லாப் பக்கப் படங்களும் எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இன்று மைக்ரோ சிடி ஸ்கேன் இருக்கிறது, சிப்பியைக் கெடுக்காமல் பார்க்கலாம். ஆனால் ஓடும் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்), உள்ளே நிரம்பியதும் கால்சைட் என்றால் எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்து ஒன்றும் பிரியாது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் இருந்து வரும் சிப்பிகளுக்கு இந்தத் தொல்லை வரலாம் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே களிமண்ணோ வெற்றிடமோ இருந்தால் அதிர்ஷ்டம்.

இதனால்தான் ஒரு கல்லை வைத்துக்கொண்டு இனம் பேச முடியாது என்கிறோம். தேய்க்க ஒன்று வேண்டும், காப்பாற்ற ஒன்று வேண்டும், அதைவிட முக்கியமாக, ஒரே இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு என்று தெரிய ஒரு கூட்டமே வேண்டும். ஒரே தென்னங்குலையில் உருண்டைக் காயும் இருக்கும், ஒல்லிக் காயும் இருக்கும். பார்த்தவுடன் இரண்டு ரகம் என்று சொல்ல மாட்டோம். பிராக்கியோபாட்டில் இளசு தட்டையாக, மெல்லியதாக இருக்கும். வயதானால் தடித்து, உப்பி, முன்விளிம்பு மடிந்து நிற்கும். குஞ்சில் இல்லாத நடுமேடும் பள்ளமும் பெரியதில் வந்துவிடும். நெருக்கமாக வளர்ந்தவை ஒரு பக்கம் கோணும். இதற்கு மேல், மண்ணின் பாரத்தில் நசுங்கியது வேறு. ஸ்பிட்டி, காஷ்மீர் போன்ற இமயமலைப் பகுதிகளில் மலை மடிந்தபோது சிப்பியும் சேர்ந்து இழுபட்டு, ஒரே இனம் அகலமாகவும் குறுகலாகவும் தெரியும். அரியலூர் அடுக்குகள் அவ்வளவு மடியாமல் லேசான சாய்வில் கிடக்கின்றன. அந்த வகையில் நமக்கு வசதி. ஆனாலும் நசுங்கல் உண்டு. எனவே ஒரே அடுக்கிலிருந்து முப்பது, நாற்பது சிப்பிகள் சேர்த்து, நீளம், அகலம், தடிமன், வரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வெர்னியரில் அளந்து, புள்ளிகளாகக் குறித்துப் பார்க்க வேண்டும். புள்ளிகள் ஒரே கூட்டமாகத் தொடர்ந்தால் ஓரத்தில் நிற்கும் விசித்திரமான சிப்பி அந்தக் கூட்டத்தின் உறுப்பினர்தான். இடையில் தெளிவான வெற்றிடம் விட்டு இரண்டாகப் பிரிந்தால், அதுவும் குஞ்சு, பெரிது என்ற வேறுபாட்டால் வராதது என்றால், அப்போது பேச ஆரம்பிக்கலாம். புதைபடிவத்தில் இனம் என்பது உருவத்தை வைத்து நாம் முன்வைக்கும் ஒரு கருதுகோள். அவை தமக்குள் இனப்பெருக்கம் செய்தனவா என்று சோதிக்க வழியில்லை. இந்த எல்லை எந்தக் கருவி வந்தாலும் போகாது.

கூட்டம் கையில் வந்த பிறகு நூலக வேலை. நேரம் போவது இதில்தான். இணையத்தில் படம் பொருந்தவில்லை என்பது ஒன்றையும் நிரூபிக்காது, ஏனென்றால் பெயரிடப்பட்ட புதைபடிவ பிராக்கியோபாட்கள் மட்டுமே 12,000 இனங்களுக்கு மேல். இன்று உயிரோடு இருப்பவை 400 சொச்சம். அந்த 12,000இல் பெரும்பகுதிக்குத் தேடுபொறியில் படமே வராது. பழைய நூல்களின் கல்லச்சுப் படங்களில் இருக்கின்றன. உங்கள் கல்லுக்கு முதலில் திறக்க வேண்டிய நூல் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா எழுதியது. மொராவியாவில் பிறந்து, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, தென்னிந்திய கிரெட்டேசியப் படிவங்களை வகை வகையாக விவரித்தவர். அந்த நிறுவனம் வெளியிட்ட பேலியான்டாலஜியா இண்டிகா என்ற நூல் வரிசையில் அவருடைய பிராக்கியோபாட் பகுதி 1872இல் வந்தது. இரண்டே ஆண்டில், 1874இல், யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். அவர் பார்த்த சிப்பிகளில் பல நீங்கள் நின்ற மண்மேட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து போனவை. எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை உண்டு; அவருடைய படத்தகடுகளை இன்றும் அளவுகோல் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு நேர்மையான வரைவு.

ஆனால் அவருடைய பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அன்றைக்கு வரியுள்ளது என்றால் ரிங்கோனெல்லா, வழுவழுப்பானது என்றால் டெரெப்ராடுலா என்று பேரினங்களைப் பரந்த கூடைகளாக வைத்திருந்தார்கள். உள்ளமைப்பைப் பார்க்கும் பழக்கம் வேரூன்றியது பிறகுதான். ஆங்கிலேயத் தொல்லுயிரியலாளர் எஸ். எஸ். பக்மன் பர்மாவின் ஷான் மாநில பிராக்கியோபாட்களை அதே பேலியான்டாலஜியா இண்டிகாவில் எழுதியபோது, ஓட்டைச் சுட்டு உதிர்த்து, உள்ளே பதிந்த தசைத்தடங்களை வெளிக்கொண்டுவந்து, பழைய பேரினங்களைப் பல துண்டுகளாக உடைத்தார். அதற்குப் பின் வந்தவர்கள் தேய்த்துப் பார்த்து மேலும் பிரித்தார்கள். அதனால் 1872இல் ரிங்கோனெல்லா என்று இருந்தது இன்று வேறு பேரினத்தின் கீழ் இருக்கும். பேரின வரையறைகளுக்கு இன்றைய ஆதார நூல், முதுகெலும்பில்லா விலங்குகளின் தொல்லுயிரியல் பெருநூல் வரிசையில் பிராக்கியோபாட்டுக்கென 1997 முதல் 2007 வரை ஆறு தொகுதிகளாக வந்த திருத்தப் பதிப்பு. கட்ச் ஜுராசிக் பிராக்கியோபாட்களை 1900இல் கிச்சின் எழுதினார், இன்றைய பாகிஸ்தானில் உள்ள உப்பு மலைத்தொடரின் பெர்மியன் காலத்து பிராக்கியோபாட்களை 1880களில் வாகன் எழுதினார். காலம் வேறு என்பதால் உங்கள் கல்லுக்கு அவை நேரடியாகத் தேவைப்படாது. மடகாஸ்கர், ஐரோப்பிய கிரெட்டேசிய ஆய்வுகள் தேவைப்படும். அன்றைய இந்தியாவும் மடகாஸ்கரும் பக்கத்து நிலங்களாக இருந்து பிரிந்தவை, கடல்வாழ் உயிர்களில் பொதுவானவை உண்டு. ஆக, உங்கள் சிப்பி ஏற்கெனவே பெயர் பெற்றதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. சுமார் 180 ஆண்டுகளாக ஆட்கள் அள்ளிக்கொண்டு போன இடம் அது. அதே சமயம், ஸ்டோலிச்காவின் ஓர் இனத்துக்குள் இரண்டு இனங்கள் ஒளிந்திருப்பது நடக்கக்கூடியதுதான். அப்படித்தான் இன்று பல புதிய இனங்கள் வருகின்றன, பழைய பெட்டிகளை மறுபடி திறப்பதிலிருந்து.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. கழிவு மேட்டில் எடுத்த கல்லுக்கு ஊர் தெரியும், அடுக்கு தெரியாது. சுரங்கத்தில் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்து வெளியே வருகின்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் கிரெட்டேசியத்தின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியன் காலத்தது, சுமார் 7 கோடி ஆண்டுகள். அதே மாவட்டங்களில் காரை, கருடமங்கலம், சில்லக்குடி என்று அதைவிட மூத்த அடுக்குகளும், டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்த நின்னியூர் அடுக்கும் இருக்கின்றன. எந்த அடுக்கு என்று தெரியாத சிப்பியை இனத்தின் மாதிரியாக வைத்தால், அந்த இனம் எப்போது வாழ்ந்தது என்பதே குழம்பிப்போகும். இடம் பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு வேதனையான பாடம் இருக்கிறது. இமயமலையில் கிடைத்ததாக ஆண்டுக்கணக்கில் வெளியான பல புதைபடிவங்கள் மொராக்கோ, நியூயார்க் போன்ற இடங்களைச் சேர்ந்தவை என்று ஆஸ்திரேலியாவின் ஜான் டேலண்ட் 1989இல் நேச்சர் இதழில் குற்றம் சாட்டினார். அந்தக் கட்டுரைகளை நம்பி வரைந்த நிலவியல் வரலாற்றையே திரும்பச் சரிபார்க்க வேண்டிய நிலை வந்தது. நீங்கள் ஏமாற்றவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அடுக்கு தெரியாத கல்லும் படிப்பவரை அதே இருட்டில்தான் விடும்.

இவ்வளவும் தாண்டி, புதிது என்று மனம் உறுதியானால் எழுதும் வேலை. வடிவம் ஏறக்குறைய நிலையானது. தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம் என்று மேலிருந்து கீழ் வந்து, இனப்பெயரை எழுதி, இது புதிய இனம் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பெயர் எதிலிருந்து வந்தது, எந்த ஒரு சிப்பி பெயரைத் தாங்கும் முதல் மாதிரி, அதாவது ஹோலோடைப், அது எந்த நிறுவனத்தில் எந்த எண்ணில் இருக்கிறது, கூட எவை துணை மாதிரிகள், எந்த ஊர், எந்த அடுக்கு என்பவை அடுத்து. பிறகு வேறுபடுத்தும் குறிப்பு. சில வரிகள்தான், ஆனால் கட்டுரையின் உயிர் அதில். நெருங்கிய இனங்களிலிருந்து இதைப் பிரிப்பவை எவையோ அவை மட்டும் அதில் வர வேண்டும். மாணவர்கள் அழகான சிப்பி, நடுத்தர அளவு, வரிகள் உண்டு என்று எழுதுவார்கள். அந்தச் சொற்கள் நூறு இனங்களுக்குப் பொருந்தும். முழு விவரிப்பு அதற்குப் பின்: வெளி வடிவம், அலகு, துளை, சந்திப்புக் கோடு, வரிகள், பிறகு தேய்த்த முகங்களில் தெரிந்த உள்ளமைப்பு, அளவுப் பட்டியல். கடைசியாக, ஒவ்வொரு நெருங்கிய இனத்தையும் பெயர் சொல்லி ஒப்பிட்டு, எங்கே ஒன்றுகிறது, எங்கே பிரிகிறது என்று வாதிட வேண்டும். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

பெயருக்குச் சட்டம் உண்டு. அனைத்துலக விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 1999இல் வெளியாகி 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, வேறுபடுத்தும் விவரிப்பு இல்லாத பெயர் செல்லாது. மாதிரி எது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லாத பெயரும் செல்லாது. மின்னிதழில் மட்டும் வெளியானால் விலங்குப் பெயர்களுக்கான ஸூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் முன்பே பதிந்து, அந்தப் பதிவு கட்டுரையிலேயே இருக்க வேண்டும். இதுபோன்ற பொதுத்தளத்தில் ஒரு பெயரைச் சொல்லி வைத்தால் அது கணக்கில் வராது. தயவுசெய்து சொல்லவும் வேண்டாம், பின்னால் வருபவருக்குக் குழப்பம். ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வந்துவிட்டால் முந்தியது நிற்கும். அமுச்சியின் பெயரைத் தாராளமாக வைக்கலாம். பெண் பெயருக்கு இலத்தீனில் ஏகார ஒலியுள்ள விகுதி, ஆண் பெயருக்கு இகரம், ஊர்ப் பெயருக்கு என்சிஸ் என்று முடியும். தன் பெயரையே வைத்துக்கொள்வதை மட்டும் இந்தத் துறையில் யாரும் மதிப்பதில்லை. புதிய பேரினமாகவே இருந்தால், அந்தப் பெயர் ஏதாவது ஒரு பூச்சிக்கோ மீனுக்கோ முன்பே வைக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும், விலங்குலகம் முழுவதற்கும் பேரினப் பெயர் ஒன்றுதான்.

வகைப்படுத்தலில் எது உறுதி, எது மாறக்கூடியது என்று கேட்டால், பிராக்கியோபாட் என்பதும் வரிசையும் உறுதி. குடும்பமும் பேரினமும் உள்ளமைப்பைப் பார்த்த பிறகும் கருத்து வேறுபாட்டுக்கு இடம் தருபவை. உயிரோடு உள்ள பிராக்கியோபாட்களின் மரபணுவைப் படித்தபோது, வளையத்தின் வடிவத்தை வைத்து ஒன்றாகக் கட்டிய சில குழுக்கள் அப்படி ஒரு வம்சம் இல்லை என்று தெரியவந்தது. அழிந்துபோனவற்றுக்கு அந்தச் சோதனையும் கிடையாது. அதனால் நாளைக்கு ஒருவர் உங்கள் இனத்தை வேறு பேரினத்துக்கு மாற்றலாம். இனப்பெயர் கூடவே போகும், முதலில் விவரித்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்கும். ஹோலோடைப் ஒழுங்காக ஒரு நிறுவனத்தில் இருக்கும்வரை இந்த மாற்றங்கள் எதுவும் உங்கள் உழைப்பை வீணாக்காது. சந்தேகம் தீராதபோது பெயர் வைக்காமல் இன்ன இனத்துக்கு நெருக்கமானது என்று மட்டும் குறித்து வெளியிடுவதற்கும் மரபு இருக்கிறது. அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. நான் மாணவர்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

தம்பி, இப்போது செய்ய வேண்டியவை. கல்லை எலுமிச்சை, வினிகர், கழிப்பறை ஆசிட் எதிலும் போடாதீர்கள். ஓடு கால்சைட், நுரைத்துக் கரைந்து மேல் வரிகள் போய்விடும். வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேயுங்கள், ஒட்டிய மண்ணை லென்ஸில் பார்த்தபடி தையல் ஊசியால் எடுங்கள். பளபளப்புக்காக எண்ணெய் தடவ வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் சிறு வெள்ளைப் புள்ளி வைத்து எண் எழுதுங்கள். அதே எண்ணில் ஒரு நோட்டில் எந்த ஊர், எந்த மேடு, கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த தேதி. மேலோடு, கீழோடு, பக்கம், அலகுப்புறம், முன்புறம் என்று ஐந்து பக்கமும் அளவுகோலோடு, இடது மேல் மூலையிலிருந்து வெளிச்சம் விழும்படி படம் எடுங்கள். ஆய்வகத்தில் நவச்சாரத்தைச் சூடாக்கி அதன் புகையால் சிப்பிக்கு மெல்லிய வெண்பூச்சு கொடுத்துப் படமெடுப்பார்கள், நிறம் மறைந்து வடிவம் மட்டும் துல்லியமாகத் தெரியும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, வீட்டில் செய்யாதீர்கள்.

அதன் பிறகு சேலத்திலோ கோவையிலோ அரசு கலைக் கல்லூரி நிலவியல் துறையில் போய்க் காட்டுங்கள். இரண்டு ரிங்கோனெல்லிடாவையும் ஸ்டோலிச்காவின் படத்தகடுகளோடு வைத்துப் பார்க்க ஒரு நாள் போதும். பொருந்தாவிட்டால் மறுபடியும் அரியலூர் போக வேண்டும். இந்த முறை சுரங்க அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, தலைக்கவசத்தோடு, துறையைச் சேர்ந்த ஒருவருடன் போங்கள். மேட்டில் பொறுக்க வேண்டாம், வெட்டிய சுவரில் அடுக்கு அடுக்காகப் பார்த்து, எந்த அடுக்கில் இதே சிப்பி கொத்தாக வருகிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து எடுங்கள். கையில் இருக்கும் இரண்டில் அலகு முழுதாக உள்ள பெரியதை யார் கேட்டாலும் தேய்க்கக் கொடுக்காதீர்கள், சின்னதைக் கொடுங்கள்.